ஜெய்சல்மேரா, கட்ச்சா? குளிர்காலத்தில் பாலைவனம் பார்க்க எந்த வழி

கார்த்திகை பிறந்ததும் தெரிந்தவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வர ஆரம்பித்துவிடும். "ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போறதா, குஜராத்தில் வெள்ளை ரண் உப்புவெளிப் பக்கம் போறதா? எட்டு நாள்தான் லீவு. விலங்கு, பறவை பார்க்கணும், பழைய இடங்களும் பார்க்கணும், கார்லயே சுத்தணும்." கேட்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒரே சுற்றில் கோத்து வரைபடத்தில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன். ஒன்பது நாளில் ஜோத்பூரில் தொடங்கி புஜ் நகரில் முடித்தோம். அதில் முழுசாக மூன்று பகல் காருக்குள்ளேயே போனது. சிந்துவெளி நகரமான தோலாவிராவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலை மூடிவிட்டார்கள், மறுநாள் காலை ஒரு மணி நேரம் அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. ஐயாயிரம் வருஷத்து நகரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த வருத்தத்தில்தான் அடுத்த இரண்டு குளிர்காலங்களில் ராஜஸ்தானின் தார் ஒரு தடவை, குஜராத்தின் கட்ச் ஒரு தடவை என்று தனித்தனியாகப் போய்வந்தேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையும் சரித்திரமும் சரிபாதியாக வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர்கள் கட்ச் போகலாம். கோட்டை, அரண்மனை, மணல்மேடு என்று மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறவர்களுக்கும், வயதான அப்பா அம்மாவோடு முதல் தடவை போகிறவர்களுக்கும் தார்தான் சரி. இரண்டும் சேர்த்து வேண்டுமென்றால் பன்னிரண்டு நாளாவது கையில் இருக்க வேண்டும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

பகல் வெளிச்சம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் எல்லாத் திட்டத்தையும் கெடுப்பது இதுதான். ஜெய்சல்மேரும் புஜ்ஜும் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கின்றன. ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏறக்குறைய ஏழரை ஆகிவிடும், மாலை ஆறு ஆறேகாலுக்கு மறைந்துவிடும். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குள் நூறு கிலோமீட்டர் தாண்டிவிடலாம் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது, ஏனென்றால் அந்த இரண்டு மணி நேரமும் கும்மிருட்டு, ரோட்டின் நடுவில் மாடு படுத்திருக்கும், நீல்காய் என்ற பெரிய மான் குறுக்கே பாயும், சில இடங்களில் ஒட்டகம் நிற்கும். ஒட்டகத்தின் கால்கள்தான் ஹெட்லைட்டில் தெரியும், உடம்பு மேலே இருட்டில் இருக்கும். அதனால் இருட்டில் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் அன்று எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

எந்த மாதிரிச் சரித்திரம். நின்று நிமிர்ந்து பார்க்கும் கோட்டையா, குனிந்து பார்க்க வேண்டிய அடித்தளமா? இரண்டும் சரித்திரம்தான், ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல.

எந்த மாதிரி இயற்கை. பாலைவனத்தில் விலங்குகள் இல்லை என்று நினைத்தால் தவறு, குளிர்காலத்தில் இந்த இரண்டு இடங்களும் வலசைப் பறவைகளால் நிரம்பி வழிகின்றன. ஆனால் அவை இருக்கும் இடம், பார்க்கும் நேரம், நிச்சயம் கண்ணில் படுமா என்பதெல்லாம் வேறு வேறு.

கூட வருகிறவர்கள். முழங்கால் வலி உள்ளவர், கழிப்பறை அவசரம் உள்ளவர், குளிர் தாங்காதவர். இதில் கூச்சப்படாமல் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

சொல்லாமல் வரும் செலவும் அனுமதிகளும். இதை ஒவ்வொரு வழியிலும் தனியாகச் சொல்கிறேன்.

## தார் வட்டம்: ஜோத்பூர், கீச்சன், ஜெய்சல்மேர், பிகானேர்

ஜோத்பூரில் இறங்கி, ஓசியான் வழியாக பலோடி, அங்கிருந்து ஜெய்சல்மேர், பிறகு பிகானேர், திரும்ப ஜோத்பூர். ஜோத்பூர்–ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர், ஜெய்சல்மேர்–பிகானேர் சுமார் 330, பிகானேர்–ஜோத்பூர் சுமார் 250. ரோடு அருமையான ரோடு. ஏழெட்டு நாள் போதும்.

சரித்திரத்தைப் பொறுத்தவரை இங்கே குறையே இல்லை. ஜோத்பூரின் மெஹ்ரன்கர் கோட்டை 1459-இல் தொடங்கியது. ஜெய்சல்மேர் கோட்டை 1156-இல் ராவல் ஜெய்சல் கட்டியது, இன்றும் உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், சமணக் கோயில்கள் இருக்கின்றன, சாயங்கால வெயிலில் மஞ்சள் மணற்கல் மொத்தமும் தங்கமாக மாறும். பிகானேரின் ஜூனாகர் கோட்டை 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. கோட்டை பார்த்துச் சலித்தால் ஜெய்சல்மேருக்கு அருகே குல்தாரா என்ற ஆளில்லாத ஊர் இருக்கிறது, பாலிவால் பிராமணர்கள் விட்டுப்போன ஊர். ஒரே இரவில் ஊரே காலியானது என்றும் கொடுங்கோல் அமைச்சர்தான் காரணம் என்றும் வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். கிணறுகள் வற்றிப் போனதைக் காரணமாகச் சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு, எனக்கு அதுதான் நெஞ்சில் தங்கியது. இந்தப் பாலிவால்கள்தான் மழைநீர் ஓடிவரும் தாழ்வில் நீளமான மண்கரை போட்டுத் தண்ணீரை நிறுத்தி, அது ஊறி இறங்கிய பிறகு அதே ஈரத்தில் கோதுமையும் கடலையும் விதைக்கும் 'கடீன்' முறைக்குப் பேர் போனவர்கள். நம் ஏரியும் கண்மாயும் தெரிந்தவர்களுக்கு அந்தக் கரையைப் பார்த்தால் மணல்மேட்டைவிட அதிக நேரம் நிற்கத் தோன்றும்.

இயற்கைக்கு வருவோம். இங்கே இயற்கை ஒரே இடத்தில் குவிந்து கிடக்காது, வழியெல்லாம் சிதறிக் கிடக்கும், தேடிப் போனால்தான் உண்டு. ஜோத்பூரிலேயே தொடங்கலாம். கோட்டையின் காலடியில் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா இருக்கிறது, 2011-இல் மக்களுக்குத் திறந்தார்கள், சுமார் 70 ஹெக்டேர். அந்தப் பாறை நிலம் முழுவதையும் பிடித்திருந்தது எது தெரியுமா? நம் ராமநாதபுரத்தைப் பிடித்திருக்கும் அதே சீமைக்கருவேலம். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், கல்லுடைக்கும் தொழிலாளர்களை வைத்துப் பாறையைக் குடைந்து வேரோடு எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நட்டிருக்கிறார்கள். சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ள யாரும் இதைப் பார்க்காமல் வரக்கூடாது. அதேபோல ஜோத்பூரிலிருந்து சுமார் 26 கிலோமீட்டரில் கேஜர்லி. 1730-இல் கேஜ்ரி மரங்களை வெட்ட மன்னரின் ஆட்கள் வந்தபோது அம்ரிதா தேவி முதலாக 363 பிஷ்னோய் மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர்விட்ட ஊர். அந்தக் கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னி மரம்தான். அதன் காயைத்தான் 'கேர் சாங்ரி' என்ற கறியில் சாப்பிடப் போகிறீர்கள்.

அப்புறம் கீச்சன். பலோடிக்குப் பக்கத்துச் சின்ன ஊர். மங்கோலியா, மத்திய ஆசியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரும் ஆயிரக்கணக்கான குர்ஜா கொக்குகளுக்கு ஊர்மக்கள் தலைமுறைகளாகத் தானியம் போடுகிறார்கள். 2025-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். கொக்குகள் தானியத்துக்கு இறங்குவது காலையில். அதனால் முந்தின இரவே பலோடியிலோ கீச்சனிலோ தங்கியாக வேண்டும், ஜோத்பூரிலிருந்து நேராக ஜெய்சல்மேர் போகும் வழியில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்தக் காட்சியைத் தவறவிடுவீர்கள். தார் பயணத்தில் ஒரே ஒரு இரவை மட்டும் மாற்றி வைக்கச் சொன்னால் நான் அதைக் கீச்சனுக்குத்தான் மாற்றுவேன். (இதே பலோடியில்தான் 2016 மே மாதம் 51 டிகிரி வெயில் பதிவானது. டிசம்பரில் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கும்போது நம்ப முடியாது.)

ஜெய்சல்மேர் பக்கம் பாலைவனத் தேசியப் பூங்கா, 3,162 சதுர கிலோமீட்டர். கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவை அங்கேதான் கடைசியாக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, உலகத்திலேயே நூற்றைம்பதுக்கும் குறைவாகத்தான் மிச்சம். உயர் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது, அதைத் தடுக்க வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பார்த்துவிடலாம் என்று வாக்குக் கொடுக்கும் யாரையும் நம்பாதீர்கள், பார்க்க வாய்ப்பு குறைவு. ஆனால் சிங்காரா மான், பாலைவன நரி, கழுகு வகைகள், பாறுக் கழுகுகள் என்று குளிர்காலத்தில் அந்தப் புல்வெளி ஏமாற்றாது. ஜெய்சல்மேரிலிருந்து பார்மேர் ரோட்டில் 17 கிலோமீட்டரில் ஆகல் மரப்படிமப் பூங்கா, சுமார் 18 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அரை மணி நேரம் போதும், ஆனால் மணல் நடுவில் காடு இருந்தது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கும் அரை மணி நேரம்.

மறைவான செலவு என்று பார்த்தால், மணல்மேட்டுக் கூடாரம்தான் பெரிய ஓட்டை. சாம் மணல்மேடு ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீட்டர், அங்கே வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றிலும் ராத்திரி ஒலிபெருக்கி. ஒட்டகம், ஜீப், ஆட்டம்பாட்டம் எல்லாம் சேர்த்துத்தான் என்று போனில் சொல்வார்கள், நேரில் போனால் ஜீப்புக்குத் தனி, ஒட்டகம் பத்து நிமிஷம்தான். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. எது எது சேரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமைதி வேண்டுமென்றால் குரி பக்கம் போகலாம். கோட்டைக்குள் தங்கும் விடுதிகளைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். குழாய்த் தண்ணீர் கசிந்து கோட்டையின் அடிமண் இளகிச் சுவர்கள் சரிந்திருக்கின்றன, அடிவாரத்தில் தங்கி மேலே நடந்து போனாலே போதும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அறை வாடகை எகிறிவிடும், கூட்டமும் தாங்காது. ஜனவரி இரண்டாம் வாரத்துக்குத் தள்ளினால் இரண்டு தொல்லையும் குறையும், ஆனால் பிகானேர் பக்கம் காலையில் பனிமூட்டம் அதிகம், பத்து மணிக்கு முன் ஓட்ட முடியாத நாட்கள் உண்டு.

லோங்கேவாலா, தனோட் கோயில் பக்கம் ஒரு பகல் ஒதுக்கலாம், 1971 போரில் டிசம்பர் 4-5 இரவு நடந்த சண்டையின் களம் அது. தனோட் வரை நமக்குத் தடையில்லை, அதற்கு மேல் எல்லை வரை போக முன் அனுமதி வேண்டும்.

யாருக்கு இது சரி: முதல் தடவை பாலைவனம் போகிறவர்கள், பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள். எங்கே போனாலும் நல்ல அறை, மருத்துவமனை, சாப்பாடு உண்டு. படம் எடுக்கவும் இதுதான்.

## கட்ச்: அகமதாபாத், சிறு ரண், தோலாவிரா, புஜ், லக்பத்

அகமதாபாதில் தொடங்கி மொதேரா, பாட்டன், அங்கிருந்து சிறு ரண், பிறகு தோலாவிரா, ரண்ணைக் குறுக்கே கடந்து காவ்டா, வெள்ளை ரண், புஜ், லக்பத், திரும்ப அகமதாபாத். புஜ்–அகமதாபாத் மட்டும் சுமார் 330 கிலோமீட்டர். எட்டு நாள் சரியாக இருக்கும், ஒன்பது என்றால் நிதானமாகப் போகலாம்.

இங்கே இயற்கையையும் சரித்திரத்தையும் பிரிக்க முடியாது, அதனால்தான் எனக்கு இந்த வழி உசத்தி. ரண் என்பது ஒருகாலத்தில் கடல் உள்ளே வந்த இடம். இன்றும் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் வற்றத் தொடங்கும், மார்கழியில் உப்பு வெள்ளையாகப் படியும். அந்த ரண்ணுக்கு நடுவே காதிர் என்ற திட்டு, அதன் மேல் தோலாவிரா. 1960-களின் கடைசியில் ஜகத்பதி ஜோஷி கண்டுபிடித்தது, 1990 முதல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் விரிவாகத் தோண்டியது, 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மழை பெய்தால் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளை மறித்து, நகரத்தைச் சுற்றிப் பாறையில் வெட்டியும் கல்லால் கட்டியும் குளங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கக் குளம் 70 மீட்டருக்கு மேல் நீளம். படிக்கட்டில் இறங்கி அடியில் நின்று பார்த்தால் இந்த நகரமே தண்ணீரைப் பிடிக்கத்தான் கட்டியதோ என்று தோன்றும். வடக்கு வாசல் அருகேதான் பத்துச் சிந்துவெளிக் குறிகள் கொண்ட பெரிய பலகை கிடைத்தது. அந்தக் குறிகளை இன்னும் யாரும் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி படித்துச் சொல்லவில்லை, அது கீழடி பற்றி வீட்டில் பேசுகிற எவருக்கும் தெரியும். அந்த வாசலில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இங்கே ஒரு இரவு தங்குங்கள். சாயங்காலம் ஒரு சுற்று, மறுநாள் காலை ஒரு சுற்று, நடுவில் பக்கத்து மரப்படிமப் பாறைகள். தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் பார்த்து நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

தோலாவிராவிலிருந்து காவ்டா போகும் புது ரோடு ரண்ணின் நடுவே நேர்கோடாகப் போகிறது, இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை உப்பு அல்லது தண்ணீர். முன்பு ராபர் வழியாகச் சுற்றிப் புஜ் போக வேண்டியிருந்த தூரத்தில் பெரும்பகுதியை இது மிச்சப்படுத்திவிட்டது. இந்த ரோட்டை விட்டு உப்பின் மேல் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள். மேலே காய்ந்த ஓடு மாதிரி இருக்கும், அடியில் சேறு. சிக்கினால் இழுக்க டிராக்டர் வர அரை நாள் ஆகும்.

சிறு ரண் வேறு உலகம். 4,954 சதுர கிலோமீட்டர் காட்டுக்கழுதைச் சரணாலயம். இந்தியக் காட்டுக்கழுதை காட்டில் வாழும் இடம் உலகத்தில் இந்தப் பகுதி மட்டும்தான். 1960-களில் நோயால் சில நூறாகக் குறைந்திருந்தது, 2024 கணக்கெடுப்பில் 7,672. கழுதைதானே என்று நினைத்துப் போகாதீர்கள், வெளுத்த செம்மண் நிறத்தில் கூட்டமாக அந்தத் தரையில் ஓடும்போது குதிரைதான் ஞாபகம் வரும். கானமயிலைப் போல அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை, ஒரு காலைச் சுற்றில் கட்டாயம் பார்ப்பீர்கள். பூநாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாம் நீர்நிலை ஓரத்தில். அங்கேயே அகரியா மக்களின் உப்பளங்கள். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளம் பார்த்திருப்போம், இவர்கள் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, பூமிக்கு அடியிலிருந்து உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டுகிறார்கள். மழை முடிந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் வந்து குடிசை போட்டு அடுத்த மழை வரும் வரை இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் டீ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், பதிலுக்குக் குடிதண்ணீர் கேன் ஒன்றைக் கொடுங்கள், அங்கே நல்ல தண்ணீர் லாரியில்தான் வருகிறது.

லக்பத் கதையும் தண்ணீர்க் கதைதான். சிந்து நதியின் ஒரு கிளையோடு ஒட்டிய துறைமுகமாகச் செழித்த ஊர். 1819 ஜூனில் வந்த நிலநடுக்கம் பல மீட்டர் உயரத்துக்குத் தரையை மேடாக்கிவிட்டது, 'அல்லா பந்த்' என்பார்கள், அல்லா கட்டிய அணை. ஆற்று நீர் வருவது நின்றது, துறைமுகம் செத்தது. இன்று சுமார் ஏழு கிலோமீட்டர் கோட்டைச் சுவர், உள்ளே சில நூறு பேர், ஒரு பழைய குருத்வாரா, மேற்கே வெறும் சேற்றுவெளி. சுவர் மேல் ஏறி நின்றால் ஆறு போன திசை தெரியும். புஜ் நகரிலோ 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தின் நினைவாக ஸ்மிருதிவன் அருங்காட்சியகம், 2022-இல் திறந்தது. அதைப் பார்த்துவிட்டு லக்பத் போனால் பூமி அசைந்தது, தண்ணீர் இடம் மாறியது, ஊர் மாறியது என்று எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்து வரும். பன்னிப் புல்வெளியைக் கடக்கும்போது ஜன்னல் பக்கம் பாருங்கள், இங்கேயும் சீமைக்கருவேலம். 'காண்டோ பாவல்', பைத்தியக் கருவேலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மொதேரா சூரியக் கோயிலும் பாட்டன் 'ராணி கி வாவ்' படிக்கிணறும் 11-ஆம் நூற்றாண்டு. படிக்கிணற்றை நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் பார்க்கிறோம். முதல் நாளை இவற்றுக்குக் கொடுங்கள்.

இங்கே மறைவான செலவு, தங்குமிடம். நல்ல இடங்கள் குறைவு, இருப்பவை சீக்கிரம் நிரம்பிவிடும். ரண் உற்சவக் கூடார நகரம் விலை அதிகம், பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் அதிகம். ஹோட்கா பக்கம் 'புங்கா' என்ற கிராமத்து வட்டக் குடிசைகளில் தங்கினால் பாதிக்கும் குறைவாக முடியும், அங்கிருந்து வெள்ளை ரண் அதிக தூரமில்லை. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்போ பின்போ போனாலும் நிலா வெளிச்சத்தில் உப்பு நன்றாகவே ஜொலிக்கும். வெள்ளை ரண்ணுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். சிறு ரண்ணில் சரணாலயக் கட்டணம், ஜீப், வழிகாட்டி எல்லாம் அறை வாடகைக்கு வெளியே. பெட்ரோல் பங்க் இடைவெளி பெரியது, பாதி டாங்க் ஆனதும் நிரப்புங்கள்.

யாருக்கு இது சரி: கல்லையும் மண்ணையும் பார்த்துக் கதையைச் சேர்த்துக்கொள்ளப் பிடிக்கிறவர்கள், பறவை பார்ப்பவர்கள், இரண்டாம் தடவை பாலைவனம் போகிறவர்கள், பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் உள்ளவர்கள். நீண்ட தூரம் கழிப்பறையோ நிழலோ இல்லாமல் போகும், பெரியவர்களுக்கு அது கஷ்டம்.

## இரண்டும் சேர்த்து

ஜோத்பூர், கீச்சன், ஜெய்சல்மேர், பார்மேர், சாஞ்சோர், சாந்தல்பூர், தோலாவிரா, புஜ், அகமதாபாத். ஜெய்சல்மேரிலிருந்து தோலாவிரா 500 கிலோமீட்டருக்கு மேல், இதை ஒரே நாளில் ஓட்டக்கூடாது. பார்மேரில் ஒரு இரவு தங்கி, கிராடு கோயில்களைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த இரண்டு நாளும் வீணாகாது. பிகானேரை விட்டுவிட வேண்டும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

செலவு எங்கே ஏறும் என்றால், எடுத்த ஊரிலேயே வண்டியைத் திருப்பித் தராததால். ஜோத்பூரில் எடுத்து அகமதாபாதில் விட்டால் வண்டி காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் பணம் கேட்பார்கள். வெளிமாநிலப் பெர்மிட், வரி யார் கட்டுவது என்று கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். இன்னொன்று, குஜராத்தில் மதுவிலக்கு. ராஜஸ்தானில் வாங்கிய பாட்டில் டிக்கியில் இருந்தால் எல்லைச் சோதனையில் பயணமே முடிந்துவிடும்.

பன்னிரண்டு நாள், மாற்றி ஓட்ட இரண்டு பேர், மறுபடி இந்தப் பக்கம் வர வாய்ப்பில்லை என்ற நிலை, இந்த மூன்றும் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

## ஒரு பார்வையில்

| எதை வைத்து | தார் வட்டம் | கட்ச் | இரண்டும் |
|---|---|---|---|
| குறைந்தபட்ச நாள் | 7 | 8 | 12 |
| சரித்திரம் | கோட்டை, அரண்மனை, 12-ஆம் நூற்றாண்டு முதல் | சிந்துவெளி நகரம், செத்த துறைமுகம், படிக்கிணறு | எல்லாம், அவசரமாக |
| நிச்சயம் கண்ணில் படுவது | குர்ஜா கொக்கு, சிங்காரா | காட்டுக்கழுதை, பூநாரை | நான்கும் |
| மணல்மேடு | உண்டு | இல்லை, உப்புவெளி | உண்டு |
| இரவுக் குளிர் | கடுமை, பிகானேர் பக்கம் மிகக் கடுமை | ஒற்றை இலக்கம் வரை இறங்கும், பகல் இதம் | இரண்டுக்கும் உடை |
| அறை கிடைப்பது | எளிது | முன்பதிவு இல்லாமல் சிரமம் | கலப்பு |
| எதிர்பாராத செலவு | கூடாரப் பேக்கேஜ் | பௌர்ணமி வாடகை, ஜீப் | திரும்பும் வண்டி வாடகை |
| பெரியவர்களுக்கு | ஏற்றது | யோசிக்கணும் | வேண்டாம் |

## வண்டி: சொந்தமா, வாடகையா

சொந்த வண்டியில் போக ஆசைதான். ஆனால் சென்னையிலிருந்து ஜோத்பூர் 2,000 கிலோமீட்டருக்கு மேல், போக வர ஆறேழு நாள் அதிலேயே போய்விடும். மூன்று வார விடுமுறை இருக்கிறவர்கள் மட்டும் யோசிக்கலாம். மற்றவர்கள் ரயிலில் போய் அங்கே வண்டி எடுப்பதுதான் புத்தி. கட்ச்சுக்கு சென்னை–அகமதாபாத் நவஜீவன், அல்லது தென்மாவட்டக்காரர்களுக்கு வாரம் ஒரு தடவை திருநெல்வேலி–காந்திதாம் ரயில். தாருக்கு மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டிக்கும், மதுரையிலிருந்து பிகானேருக்கும் வாராந்திர ரயில் உண்டு. விமானம் என்றால் அகமதாபாதுக்கு எளிது.

அங்கே போய் டிரைவரோடு எடுப்பதா, தானே ஓட்டுவதா? தாரில் தானே ஓட்டலாம், கஷ்டமில்லை. கட்ச்சில் முதல் தடவை என்றால் உள்ளூர் டிரைவரோடு போங்கள், எந்த ரோடு தண்ணீருக்குள் இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். டிரைவர் பேட்டா, இரவுத் தங்கல், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர், இந்த மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேளுங்கள். தானே ஓட்டுவதென்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வாடகை வண்டியாகப் பார்த்து எடுங்கள். தெரிந்தவர் மூலம் யாருடைய வெள்ளைப் பலகைக் காரையாவது வாடகைக்கு எடுத்தால் விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். மணலில் இறக்க வேண்டும் என்று ஆசை வந்தால் அங்கே ஜீப்புக்குப் பணம் கொடுத்து ஏறிக்கொள்ளுங்கள், வாடகைக் காரை மணலில் இறக்கினால் ஒப்பந்தப்படி அந்தச் சேதம் முழுவதும் உங்கள் தலையில்தான்.

## எட்டு நாள் கையில் இருக்கிறவர்களுக்கு

நான் கட்ச் என்று சொன்னதால் நாள் கணக்கையும் கொடுத்துவிடுகிறேன். முதல் நாள் அகமதாபாதிலிருந்து மொதேரா, பாட்டன், இரவு தசாடா அல்லது ஜைனாபாத். இரண்டாம் நாள் காலையும் மாலையும் சிறு ரண். மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் தோலாவிரா, சாயங்காலம் நகரம். நான்காம் நாள் காலையில் மறுபடி நகரம், பிறகு ரண் ரோட்டில் காவ்டா, நேரம் இருந்தால் காலா துங்கர் மலை, இரவு ஹோட்கா. ஐந்தாம் நாள் பகலில் பன்னிக் கிராமங்கள், மாலை வெள்ளை ரண், இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே. ஆறாம் நாள் புஜ், ஸ்மிருதிவன், அஜ்ரக் அச்சுத்துணி போடும் அஜ்ரக்பூர். ஏழாம் நாள் லக்பத் போய்த் திரும்ப, இது போக வர 270 கிலோமீட்டர், ஆனாலும் விடக்கூடாது. எட்டாம் நாள் அகமதாபாத்.

டிசம்பர் முதல் வாரத்தில் போகாதீர்கள், மழை தாமதமாக முடிந்த வருஷங்களில் அப்போதும் ரண்ணில் தண்ணீர் நிற்கும், வெள்ளைக்குப் பதில் சேற்று நிறம்தான் தெரியும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம். பொங்கலை ஒட்டி விடுப்பு எடுப்பதானால், அங்கே ஜனவரி 14 உத்தராயண், ஊர் முழுக்கப் பட்டம், அறை கிடைப்பது கஷ்டம், மாஞ்சா நூல் ரோட்டின் குறுக்கே தொங்கும், ஸ்கூட்டரில் போகிறவர்கள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு போவார்கள். அன்றைக்கும் மறுநாளும் வண்டியை எடுக்காமல் ஏதாவது ஒரு வீட்டு மொட்டைமாடியில் இருந்துவிட்டு, பதினாறாம் தேதி காலையில் கிளம்புங்கள்.